நாணற்படுகையும் தோல் கழிவுநீரும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் காலை அமர்வில் நிகழ்த்திய உரை)

வெள்ளி விழா மேடையில் பாராட்டுரைகளுக்குப் பஞ்சம் இராது. இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக ஆற்றிய தொண்டினை நேற்றுப் பேசியோர் சிறப்புற எடுத்துரைத்தனர். அதனையே நானும் கூறிக் காலத்தைப் போக்க விரும்பவில்லை. இளைஞர்களுக்குப் பயன்படும் அறிவியற் பொருள் ஒன்றனைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்தார். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரை, நாணலும் சம்பும் வளர்த்த படுகைகளின் வழியே செலுத்தித் தூய்மை செய்யும் முறையை நான் தேர்ந்துகொண்டேன்.

'படித்து வெளியே போனவர் திரும்பி வந்து நம்மை மறுபடியும் தோலுக்கே இழுக்கிறாரே' என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்தில் நியாயம் உண்டு. சுண்ணாம்புக் குழியில் நின்று கால்விரல் இடுக்கெல்லாம் புண்ணாகிப் போன பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் நாம். அக்குழியை விட்டுக் கரையேறத்தான் இச்சங்கம் நமக்குப் பாடப்புத்தகம் வாங்கித் தந்தது. ஆயினும் ஒன்று சொல்லுவேன். தோல் வேலையை விட்டு நாம் வந்துவிட்டோம். தோல் கழுவிய நீர் நம்மை விட்டபாடில்லை. அது நம் தெருக்களின் கிணற்றில் இருக்கிறது. நம் பெண்கள் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நிற்கும் வரிசையில் இருக்கிறது.

1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் மகாடு நகரத்துச் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கி நீர் அள்ளிப் பருகினார். அந்நாளில் எழுந்த வினா, பொதுநீரைத் தொடும் உரிமை யாருக்கு என்பது. பாலாற்றங்கரையில் இன்று எழும் வினா வேறு. கிணற்றை நாம் தொடலாம், யாரும் தடுப்பதில்லை. ஆனால் அந்நீரை வாயில் வைக்க முடியாது.

இது மேடைப் பேச்சுக்காகச் சொல்லும் குறை அன்று. உச்ச நீதிமன்ற ஏடுகளிலேயே பதிவானது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆயம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 900க்கும் மேற்பட்ட தோல் தொழிற்சாலைகள் இயங்கின என்றும், தோல் தொழில் நடக்கும் வட்டாரங்களில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டது என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. திண்டுக்கல் பகுதியில் 13 சிற்றூர்களில் குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின என்ற கணக்கும் அதில் உள்ளது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அத்தீர்ப்பு அறுதியிட்டது. சட்டக் கல்லூரியில் பயிலும் தம்பிகள் அதனை ஒருமுறையேனும் முழுமையாகப் படித்தல் வேண்டும். எனினும் ஏறத்தாழ 28 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் அதே வேலூர் மாவட்டத்துத் தோல் கழிவு குறித்து மறுபடியும் தீர்ப்புரைக்க நேர்ந்தது. தீர்ப்பு தாளில் இருப்பது. உப்பு மண்ணில் இருப்பது.

இனி, அந்நீரில் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். அதனை அறியாமல் மருந்து பேசுவது வீண்.

பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிட்டுத்தான் வருகிறது. நூறு கிலோத் தோலுக்கு நாற்பது கிலோ வரையிலும் உப்புப் போடுவதுண்டு. தொழிற்சாலையில் முதல் வேலை அதனை நீரில் ஊறவைப்பது. அவ்வுப்பில் பெரும்பகுதி அந்த முதல் நீரில் இறங்கிவிடுகிறது. அடுத்து முடியை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்க்கின்றனர். முடி, சதை, கொழுப்பு, புரதம் யாவும் கரைந்து சாக்கடைக்கு வருவது இக்கட்டத்தில்தான். நாற்றத்தின் பிறப்பிடமும் இதுவே. பின்னர்ச் சுண்ணாம்பை அகற்ற அம்மோனியம் உப்பு. அதற்குப் பிறகு அமிலமும் மறுபடியும் உப்பும். இறுதியாகப் பதம் செய்யக் குரோமியம். வழக்கமான முறையில் இடும் குரோமியத்தில் நூற்றுக்கு அறுபது எழுபது பங்கையே தோல் ஏற்கிறது. மற்றது நீரோடு போகிறது. ஒரு கிலோத் தோல் ஆயத்தமாவதற்கு 35 லிட்டர் அளவுக்கு நீர் செலவாகிறது என்று மேற்சொன்ன தீர்ப்பே குறிப்பிடுகிறது.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதம் செய்த பழைய நாளில் மாசே இல்லை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று. அக்காலத்திலும் உப்பு இருந்தது, சுண்ணாம்பு இருந்தது, அழுகல் இருந்தது. பட்டைச் சாறு கறுத்த பழுப்பு நிறமாய் ஓடியது. அந்நிறம் எளிதில் மறையாது. குரோமியம் இல்லை என்பதும், அளவு சிறிது என்பதுமே வேறுபாடு. பழமையைப் போற்றுவதற்கு நமக்கு வேறு எத்தனையோ இடங்கள் உண்டு. சுண்ணாம்புக் குழியைப் போற்ற வேண்டியதில்லை.

ஆகத் தோல் கழிவுநீரில் நான்கு பகைகள் உள்ளன: அழுகும் பொருள், அம்மோனியா, குரோமியம், உப்பு. இந்நான்கையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாணற்படுகை இவற்றுள் இரண்டை நன்றாக வெல்லும். மூன்றாவதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான்காவதன் முன் தோற்றுவிடும். இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் இதுவே.

படுகை என்பது குளமும் அன்று, வயலும் அன்று. ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு நீண்ட பள்ளம் தோண்டி, நீர் மண்ணில் இறங்காதபடி தடித்த பிளாஸ்டிக் விரிப்பை அடியிலிட்டு, அதன்மேல் கூழாங்கல் அல்லது உடைகல் ஜல்லியை நிரப்பி, அதில் நாணலையோ சம்பையோ நடுவர். ஒரு முனையில் நுழையும் கழிவுநீர் ஜல்லியின் ஊடே மெல்ல நகர்ந்து மறுமுனையில் வெளிவரும். நீர்மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்குக் கீழேயே நிற்பதால் கொசு முட்டையிட இடமில்லை. சில நாள் தங்கி நகரும்படி நீளமும் சரிவும் கணக்கிடப்படும். நீரை மேலிருந்து தெளித்துக் கீழே வடியவிடும் வகையும் உண்டு. அதில் காற்று மிகுதியாகப் புகும். ஆகவே அம்மோனியாவை ஒழிக்க அது சிறந்தது.

நாணல் நீரைத் தூய்மை செய்கிறது என்பது வழக்குமொழி. உண்மையில் வேலை செய்வன ஜல்லியின்மீதும் வேரின்மீதும் வழவழப்பாகப் படர்ந்து வாழும் நுண்ணுயிர்கள். அவை அழுகும் பொருளை உண்கின்றன. பிராணவாயு கிடைக்கும் இடத்தில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன; பிராணவாயு இல்லா இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் காற்றாக்கி வானில் விட்டுவிடுகின்றன. நாணலின் தண்டு உள்ளே வெற்றிடம் உடையது. அதன் வழியே காற்று வேருக்கு இறங்குகிறது. வேரோ ஜல்லி அடைபடாமல் வழி திறந்து வைக்கிறது. வேலையாள் நுண்ணுயிர், நாணல் அவ்வேலையாளுக்கு வீடும் காற்றும் தரும் வீட்டுக்காரி.

பெயரிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆற்று மணலில் வெண்பஞ்சுபோல் பூத்து நிற்பதையும் நாம் நாணல் என்கிறோம். ஏரியோரத்தில் மூங்கில்போல் கணு விட்டு ஆளுயரத்துக்கு மேல் வளர்வதையும் நாணல் என்கிறோம். படுகைக்கு உரியது பின்னது. சம்பு என்பது ஏரிக்கரையில் பழுப்பு நிறக் கதிரோடு நிற்பது. சிறுவர்கள் ஒடித்து விளையாடுவது.

இம்முறை எங்கே தோன்றியது? ஜெர்மனி நாட்டில் பிளோன் என்னும் ஊரிலிருந்த மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் 1950களின் தொடக்கத்தில் கேத்தே சைடல் என்ற பெண் அறிவியலாளர், நீர்க்கோரை வகைகள் அழுக்கு நீரைத் தூய்மை செய்யும் என்று ஆய்ந்து காட்டினார். புல்லைக் கொண்டு சாக்கடையைத் தூய்மை செய்வதா என்று துறையினர் பலர் ஐயுற்றனர், அவ்வம்மையார் தளரவில்லை. பின்னர் ரைன்ஹோல்ட் கிக்குத் என்பார் வேர்மண்டல முறை என்ற பெயரில் அதனை வளர்த்தார். 1974இல் ஓத்பிரெசன் என்னும் ஊரில் பெரிய அளவிலான படுகை இயங்கத் தொடங்கியது. அப்படுகை ஊர்ச் சாக்கடைக்கானது. தோல் கழிவுநீர் அதனினும் பன்மடங்கு கொடியது.

தோல் கழிவுநீருக்கு இது தாங்குமா என்பதைப் பொறுமையோடு ஆராய்ந்தவர்களுள் போர்த்துகல் நாட்டுக் கிறிஸ்டினா கல்ஹெய்ரோசும் அவர்தம் குழுவினரும் குறிப்பிடத்தக்கவர்கள். ஐந்து வகைச் செடிகளை ஐந்து படுகைகளில் நட்டுத் தொழிற்சாலைக் கழிவுநீரைச் செலுத்தினர். கல்வாழை அவற்றுள் ஒன்று. நம் ஊர்த் தோட்டங்களில் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூக்கும் அதே கல்வாழைதான். நிலைத்து வேரூன்றியவை நாணலும் சம்பும் மட்டுமே என்று 2007இல் வெளியிட்டனர். நீரின் அழுக்கை அளக்கும் அளவுகோலான இரசாயனப் பிராணவாயுத் தேவை, செலுத்திய சுமைக்கு ஏற்ப நூற்றுக்கு 41 முதல் 73 வரை குறைந்தது. அழகுக்காகக் கல்வாழையை நட்டுப் படம் எடுத்து மாட்டும் நிலையங்களை நானும் கண்டிருக்கிறேன். பூ அழகுதான், ஆனால் கடுமையான தோல் கழிவுநீரில் அது நிற்குமா என்று அங்கே யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை. அக்குழுவினரே 2012இல், உப்பு மிகுந்த கழிவுநீருக்குக் கொறுக்கைப் புல்லையும் நம் கடற்கரை உமரியை ஒத்த செடியையும் நட்டுப் பார்த்த முடிவுகளை வெளியிட்டனர்.

நமக்கு இன்னும் அண்மையில் உள்ளது வங்கதேசம். அங்கு 2012இல் வெளியான ஆய்வு ஒன்றில், தோல் கழிவுநீரை மூன்று படுகைகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தினர். முதற்படுகையில் நிரப்பியது தென்னை நார்க்கழிவு. இரண்டாவதில் இரும்பு உருக்கும் உலையின் கசடு. மூன்றாவதில் சிறு கூழாங்கல். அழுகும் பொருளிலும் அம்மோனியாவிலும் மிகப் பெரும் பகுதி நீங்கியது. கயிற்றுத் தொழிலில் கொட்டிக் கிடக்கும் நார்க்கழிவுக்கு இப்படி ஒரு பயன் உண்டென்பது தமிழ்நாட்டு மாணவர் கருத்தில் கொள்ளத்தக்கது. ஆனால் அது சிறு அளவில் நடந்த சோதனை. சிறு தொட்டியில் வெற்றி பெறுவதும் நாள்தோறும் தொழிற்சாலை முழுமைக்கும் வெற்றி பெறுவதும் ஒன்றல்ல.

இனி நம் ஊர்க் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். கரும்பலகை இல்லாததால் மனக்கணக்காகவே சொல்லுகிறேன். நாளொன்றுக்கு 60,000 லிட்டர் கழிவுநீர் விடும் நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கசடு படிந்த பிறகு ஒரு லிட்டரில் 2 கிராம் பிராணவாயுத் தேவை எஞ்சியிருப்பதாகக் கொண்டால் நாளைக்கு 120 கிலோ. ஒரு ஹெக்டேர் படுகைக்கு நாளொன்றுக்கு 500 கிலோ செலுத்தலாம் என்று கொள்வோம். போர்த்துகல் ஆய்வில் செலுத்திய சுமையின் வரம்புக்குள் அமைந்த அளவு அது. அப்படியாயின் 2,400 சதுர மீட்டர் வேண்டும். நம் கணக்கில் ஏறத்தாழ 60 சென்ட்டு. இயந்திரம் மிகுதியாக வேண்டாம். மின்சாரம் மிகுதியாக வேண்டாம். ஆனால் நிலம் வேண்டும்.

இப்பொழுது உப்பைப் பாருங்கள். அந்நீரில் லிட்டருக்கு 8 கிராம் கரைந்த உப்பு உள்ளதாகக் கொள்வோம். உப்பை நுண்ணுயிர் உண்ணாது. நாணலும் பொருட்படுத்தத்தக்க அளவில் எடுத்துக்கொள்ளாது. ஆனால் நாணல் நீரைக் குடித்து இலைவழியே ஆவியாக்குகிறது. நம் வட்டாரத்துச் சித்திரை வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 8 லிட்டர் ஆவியாகும் என்று வைத்துக்கொண்டால் 2,400 சதுர மீட்டருக்கு 19,200 லிட்டர் போய்விடும். உள்ளே போனது 60,000. வெளியே வருவது 40,800. உப்போ அப்படியே 480 கிலோ. ஆகவே லிட்டருக்கு 8 கிராமாக இருந்த உப்பு ஏறத்தாழ 11.8 கிராமாகப் பெருகி வெளிவரும். கழிவுநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2.1 கிராமைத் தாண்டலாகாது என்பது விதி. நீர் தெளிந்திருக்கும்; நாற்றம் போயிருக்கும்; பார்வையிட வந்தவர் கண்ணாடிக் குவளையில் ஏந்திப் பார்த்து மகிழ்வார். அதனை வயலுக்குப் பாய்ச்சினால் நெல் கருகும். படுகை செய்த தீங்கு அன்று இது; படுகையைப் பற்றி அரைகுறையாகச் சொன்னவர் செய்த தீங்கு.

இதனாலேயே உப்பைப் படுகைக்கு வருமுன் பிரிக்க வேண்டும். எளிய வழி ஒன்று உண்டு. தோலை நீரில் போடுமுன் சல்லடைபோல் துளையுள்ள உருளையிலிட்டோ சட்டகத்தின்மேல் அடித்தோ ஒட்டியுள்ள உப்பை உதிர்த்துவிடுவது. ஊறவைத்த முதல் நீரை மற்ற நீரோடு கலவாமல் தனியே வைப்பது அடுத்தது. இவ்விரண்டும் பெரிய அறிவியல் அன்று, ஒழுங்கு. தமிழ்நாட்டில் இன்று தோல் கழிவுநீரை வெளியே விடாமலே திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடு இருக்கிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மெல்லிய சவ்வுகளின் வழியே நீரை அழுத்திச் செலுத்தி உப்பைப் பிரிக்கின்றன. எஞ்சும் உப்புநீரைக் கொதிக்கவைத்து வற்றச் செய்கின்றன. இதற்கு மின்சாரமும் எரிபொருளும் ஏராளமாய்ச் செலவாகின்றன. வற்றிய கலப்பு உப்பு மூட்டை மூட்டையாய்த் தேங்குகிறது. அந்நிலையில் படுகைக்குரிய இடம் எது? சவ்வுக்கு முன்னே அழுக்கைக் குறைத்துத் தரும் துணை வேலை; தொழிலாளர் குளியலறை, கழிப்பறை, உணவகம் ஆகியவற்றின் நீரைத் தனியே தூய்மை செய்யும் முழு வேலை. இவ்வளவே. இதற்கு மேல் எவரேனும் சொன்னால் கணக்கைக் கேளுங்கள்.

குரோமியத்துக்கு வருவோம். பதனிடப் பயன்படுவது மும்மதிப்புக் குரோமியம். அது அறுமதிப்புக் குரோமியத்தைப்போல் கொடிய நஞ்சன்று. அறுமதிப்புடையது புற்றுநோய் விளைவிப்பது. படுகையில் நுழையும் மும்மதிப்புக் குரோமியம் ஜல்லியிலும் வேரிலும் படிந்து நின்றுவிடுகிறது; தண்டுக்கும் இலைக்கும் ஏறுவது சிறிதே. வெளியே வரும் நீரில் குரோமியம் குறைந்திருப்பதைக் காட்டி 'நாணல் குரோமியத்தை அழித்துவிட்டது' என்பார்கள். தனிமம் அழியாது. அது ஜல்லிக்குள் இருக்கிறது. பத்தாண்டு கழித்து அந்த ஜல்லியை யார் தோண்டி எடுப்பார்? எங்கே கொட்டுவார்? இவ்வினாவுக்கு விடை எழுதாமல் படுகைக்கு வரைபடம் எழுதலாகாது. ஆகவே குரோமியம் கலந்த நீரையும் முன்னதாகவே தனியே பிரித்து, மக்னீசியம் ஆக்சைடு இட்டுப் படியவைத்து, அமிலத்தில் கரைத்து மீண்டும் பதனிடுதலுக்கே பயன்படுத்த வேண்டும். இம்முறை நம் நாட்டில் நடைமுறையில் உள்ளதே. அறுத்த நாணலை மாட்டுக்குப் போடலாகாது. எரிப்பதும் ஆகாது: சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து காற்றில் எரியும்போது மும்மதிப்புக் குரோமியம் அறுமதிப்பாக மாறக்கூடும்.

கசடு பற்றி இங்கு நான் சொல்லித்தான் ஆக வேண்டும். 2015 ஜனவரி 31ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மீது அக்கசடு வெள்ளமாய்ப் பாய்ந்து பத்துப் பேரைக் கொன்றது. இறந்தவருள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தூய்மை செய்வதற்கென்று கட்டிய இடமே உயிரைக் குடித்தது. தொட்டிகளில் இறங்கி ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுக்காற்றால் மாண்டவர்களின் செய்தியும் நாளேடுகளில் வந்த வண்ணம் உள்ளது. அவ்வாறு இறங்குவோர் பெரும்பாலும் எந்தத் தெருவினர் என்பதை இந்த அவையில் நான் விளக்க வேண்டியதில்லை. நாணற்படுகையிடம் எனக்குப் பற்று உண்டாகக் காரணமும் இதுதான். அது ஆழமில்லாதது, மூடியில்லாதது, மனிதன் உள்ளே இறங்கிக் குனிந்து அள்ளும்படியான இடம் அதில் இல்லை. ஆனால் படுகைக்கு முன்னே கசடு படியும் தொட்டி ஒன்று கட்டாயம் இருக்கும். அங்கே பம்பு வைக்கிறார்களா, ஆளை இறக்குகிறார்களா என்பதைப் பார்த்துத்தான் அத்திட்டத்தை மதிப்பிட வேண்டும்.

நிலம் பற்றியும் ஒரு சொல். 60 சென்ட்டு வேண்டும் என்றேன். எந்த 60 சென்ட்டு? 1892இல் நம் முன்னோர்க்கென்று ஒதுக்கும்படி அரசாணை பிறந்த பஞ்சமி நிலங்கள் எத்தனை கை மாறிப்போயின என்பது உங்களுக்குத் தெரியும். கழிவுநீர் இயல்பாகவே பள்ளத்தை நோக்கி ஓடும். நம் குடியிருப்புகளும் நிலங்களும் பள்ளத்தில்தான் இருக்கின்றன. ஆதலால் 'இயற்கை முறைச் சுத்திகரிப்பு' என்ற இனிய பெயரோடு ஒரு வரைபடம் வருமானால் அதில் படுகை எங்கே குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். தொழிற்சாலையின் கழிவுக்குத் தொழிற்சாலையின் நிலமே இடம் தர வேண்டும். அடியிலிடும் விரிப்பு கிழிந்தால் முதலில் கெடுவது பக்கத்துக் கிணறு. அக்கிணறு யாருடையது என்பது வரைபடத்தில் இராது.

இவற்றையெல்லாம் கேட்பதற்கு அளக்கத் தெரிய வேண்டும். அளக்கத் தெரிந்தவன் சொன்னால்தான் அதிகாரியின் மேசையில் அது செல்லும். வேதியியலும் தாவரவியலும் பொதுப் பொறியியலும் படிக்கும் பிள்ளைகள் நம் சங்கத்திலேயே இருக்கின்றனர். ஆகவே விழா முடிந்தவுடன் ஒரு சிறு சோதனையை நீங்களே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தோல் கழிவுநீர் இதற்கு வேண்டாம், வேண்டவே வேண்டாம். சல்பைடு கலந்த நீரில் சிறிது அமிலம் பட்டாலும் நச்சுக்காற்று எழும். மாணவர் கையாளத்தக்கது அன்று அது. வீட்டில் பாத்திரம் கழுவிய நீரே போதும்.

நான்கு பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள் வாங்குங்கள். அடிப்பக்கத்தில் ஒரு குழாய் வையுங்கள். விரற்கணு அளவுள்ள ஜல்லியைக் கழுவி நிரப்புங்கள். இரண்டில் ஏரிக்கரைச் சம்பை வேரோடு பெயர்த்து நடுங்கள். மற்ற இரண்டில் ஒன்றும் நடாதீர்கள். முதல் மூன்று மாதம் செடி வேர் பிடிக்க விடுங்கள். பொறுமை இழந்து அதற்கு முன் முடிவெழுதினால் பயனில்லை. பிறகு நான்கு தொட்டிக்கும் நாள்தோறும் ஒரே அளவு கழிவுநீர் ஊற்றுங்கள். செடியுள்ள ஒன்றிலும் செடியில்லாத ஒன்றிலும் மட்டும் உப்புச் சேருங்கள்: முதல் வாரம் லிட்டருக்கு 1 கிராம், அடுத்த வாரம் 2 கிராம் என்று ஏற்றிக்கொண்டே போங்கள். எந்த அளவில் இலைநுனி காய்கிறது என்று குறித்து வையுங்கள். உப்பை அளக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. பிராணவாயுத் தேவையைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மாதம் இருமுறை பார்த்துக்கொள்ளலாம். உள்ளே ஊற்றிய நீரையும் வெளியே வந்த நீரையும் வாளியால் அளக்க மறவாதீர்கள். அந்த ஒரு கணக்கு இல்லாவிட்டால் உப்பு ஏன் ஏறியது என்பது விளங்காது.

செடியில்லாத தொட்டி எதற்கு என்று தங்கை ஒருவர் இப்போதே கேட்கிறார். நல்ல கேள்வி. வெறும் ஜல்லியே பாதி வேலையைச் செய்துவிடும். எஞ்சியதில் சம்பு எவ்வளவு செய்தது என்பது பக்கத்திலிருக்கும் வெறுந்தொட்டியைப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே குறிப்பேட்டில் நாள்தோறும் முதலில் எழுத வேண்டியது வெறுந்தொட்டியின் அளவு. நூலகத்தின் பின்புறத்தில் வெயில் படும் இடத்தைச் செயலாளர் ஒதுக்கித் தருவதாகக் கூறியிருக்கிறார். ஜல்லிக்கும் தொட்டிக்கும் ஆகும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். விருப்பமுள்ளோர் உணவு வேளைக்குப் பின் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.